‘ஈசியூ போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன் அளக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இப்போதுள்ள வரியோடு புதிய ஜீப் ஒன்றை வாங்குவது பெரும்பாலானோருக்கு எட்டாத காரியம். அதனால் 25, 30 வயதான பஜெரோ, பிராடோ, விட்டாரா, டிஃபெண்டர் வண்டிகள் கொழும்பு வீதிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்னும் பல ஆண்டுகள் ஓடவும் வேண்டும். இவற்றின் எஞ்சினும் கியர்பெட்டியும் கெட்டியானவை. முதுமை முதலில் தெரிவது வயரிங்கிலும் எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்‌ஷனிலும்தான்.

வண்டி ஸ்டார்ட் எடுக்கவில்லை, காலி வீதி நெரிசலில் சூடேறி நின்றுவிடுகிறது, கறுப்புப் புகை தள்ளிப் புகைப் பரிசோதனையில் தேறவில்லை என்று கராஜுக்குப் போகிறவர்களுக்கு அநேகமாகக் கிடைக்கும் முதல் பதில்: “ஈசியூ போய்விட்டது.” அதாவது எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டி கெட்டுவிட்டது. இரண்டாவது பதில் இன்ஜெக்டர் செட். மூன்றாவது பெற்றோல் பம்ப். ஒவ்வொரு பதிலுக்கும் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒரு நடை, ஒரு பெரிய தொகை. பூட்டிப் பார்த்த மின்பாகத்தை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. கடைசியில் குறை ஒரு ஏர்த் வயரில் இருந்தது தெரியவரும்போது உரிமையாளரின் கையில் தேவையில்லாத மூன்று பாகங்கள் இருக்கும். பாகத்தை மாற்றிப் பார்த்துக் கோளாறு தேடும் இந்தப் பழக்கம் நிற்க வேண்டும். அதற்கு என்ன அளக்க வேண்டும், எந்த ஒழுங்கில் அளக்க வேண்டும் என்பதைத் தமிழில் படிக்கக் கிடைப்பது அரிது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

தேவையான கருவிகள் மூன்று: ஒரு டிஜிட்டல் மல்டிமீற்றர், இரண்டு வயர் பற்றவைத்த 21 வோட் (W) பிரேக் பல்ப், பெற்றோல் வண்டியானால் ஒரு பியுவல் பிரஷர் கேஜ்.

முதலில் பெற்றரி. இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனால் ஸ்டார்டர் சுற்றும். ஆனால் ஈசியூ விழித்திருக்காது, இன்ஜெக்டரும் சரியாகத் திறக்காது. “சுற்றுகிறது, பிடிக்கவில்லை” என்ற முறைப்பாட்டில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். அதோடு மீற்றரை ஏசி வோல்ட் அளவுக்கு மாற்றிப் பெற்றரியின் இரு முனைகளிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஓல்டர்நேட்டரின் டயோட் ஒன்று போய்விட்டது. அந்த அலைச்சல் மின்சாரம் சென்சர் சிக்னலைக் குழப்பி, எங்கும் பிடிபடாத இழுவையையும் தவறான கோட்களையும் (ஈசியூ பதிந்து வைக்கும் கோளாறு இலக்கங்கள்) உண்டாக்கும். டாஷ்போர்டில் பெற்றரி லைட் எரியாமலே இது நடக்கும்.

அடுத்தது ஏர்த், அதாவது மின்சாரம் பெற்றரியின் மைனஸுக்குத் திரும்பும் வழி. கொழும்பு வண்டிகளுக்கு இதையே முதலாவதாக எழுதியிருந்தாலும் தவறில்லை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை, மட்டக்குளிப் பக்கம் திறந்த வெளியில் நிறுத்தப்படும் ஜீப்பில் கடற்காற்றின் உப்பு போல்ட்டுக்கும் லக்குக்கும் (கேபிள் முனை வளையம்) இடையில் இறங்கிவிடும். மேலே பார்த்தால் போல்ட் இறுக்கமாக இருக்கும், அடியில் கறள். டிஃபெண்டரில் பொடி அலுமினியம், சேஸி இரும்பு. இரு உலோகமும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு இன்னும் விரைவாக ஏறும். ஓம் அளவில் வைத்து ஏர்த்தைப் பார்ப்பது பயனற்றது. நூறு இழையில் இரண்டு இழை மட்டும் மிஞ்சிய கேபிளும் பூச்சிய ஓம்தான் காட்டும். மின்சாரம் ஓடும்போது எவ்வளவு வோல்ட் அதில் விழுகிறது என்பதே கேள்வி.

மீற்றரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பெற்றரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள். கிளாம்பில் வைக்கக் கூடாது. மற்ற முனையை எஞ்சின் பிளொக்கில் வைத்து ஸ்டார்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எஞ்சின் ஏர்த் கேபிள் கெட்டது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் எயார்கொண்டிஷனரையும் போட்டு, ஈசியூவின் ஏர்த் ஊசிமுனையிலும் (பின்) சென்சர் ஏர்த் வயரிலும் அளவுங்கள். அங்கே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. சென்சர்கள் பேசுவது 0 முதல் 5 வோல்ட் வரையிலான மொழியில். ஏர்த்தில் அரை வோல்ட் ஏறினால் எல்லாச் சென்சரும் ஒரே நேரத்தில் பொய் சொல்லும். நான்கைந்து கோட் ஒன்றாக வந்தால் நான்கைந்து சென்சரும் ஒரே நாளில் பழுதாகிவிட்டன என்று எண்ணாமல் அவற்றுக்குப் பொதுவான ஏர்த்தையும், பொதுவான 5 வோல்ட் வயரையும் பாருங்கள். எஞ்சின் ஏர்த் போன வண்டிகளில் ஸ்டார்டரின் மின்சாரம் த்ரொட்டில் கேபிள் வழியாக வழி தேடும். அந்தக் கேபிள் சூடாகிப் புகைந்திருந்தால் அதுவே சாட்சி.

திருத்துவது இலகு. லக்கைக் கழற்றி, இரு பக்கமும் உலோகம் பளிச்சிடும்வரை சான்ட்பேப்பரால் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பிறகு மேலே பெற்றோலியம் ஜெலி பூசுங்கள். ஜெலி முதலில், போல்ட் பிறகு என்று செய்பவர்கள் உண்டு, அது தவறு. கேபிள் லக்குக்குள்ளேயே களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும்.

பிறகு மின்சாரம் வரும் பக்கம். பியூஸ் நல்லது, மீற்றரில் 12 வோல்ட் வருகிறது, ஆனாலும் பம்ப் ஓடவில்லை என்றால் மீற்றர் ஏமாற்றுகிறது. மீற்றர் இழுக்கும் மின்சாரம் அற்பம், ஒரு இழையே அதற்குப் போதும். 21 வோட் பல்ப் 1.75 அம்பியர் இழுக்கும். பம்ப் கப்ளரில் (வயர்கள் செருகும் இணைப்பு) அந்தப் பல்ப்பை வைத்துப் பாருங்கள். மங்கலாக எரிந்தால் ரிலேயிலிருந்து பம்ப் வரை எங்கோ எதிர்ப்பு இருக்கிறது. ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்தால் பலமுறை ஈயப் பற்றில் ஒரு மெல்லிய வட்ட வெடிப்பு தெரியும். சூடேறும்போது விரிந்து தொடர்பு விடும், ஆறியதும் சேரும். மத்தியானம் நின்றுபோய் மாலையில் தானே ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தப் பல்ப்பைப் பியூஸ், ரிலே, பம்ப் வயரில் மட்டுமே பாவிக்க வேண்டும். சென்சர் வயரிலோ ஈசியூ பின்னிலோ வைத்தால் ஈசியூ உண்மையாகவே போய்விடும்.

இவ்வளவும் சரி என்றான பிறகே கோட் எடுக்க வேண்டும். டாஷ்போர்டுக்குக் கீழே 16 பின் கப்ளர் இருப்பதால் எந்த மலிவு ஸ்கேனரும் பேசும் என்று நினைப்பது தவறு. ஒரே பொது மொழி அமெரிக்காவில் 1996 இலும், ஐரோப்பாவில் பெற்றோலுக்கு 2001 இலும் டீசலுக்கு 2004 இலும் கட்டாயமானது. ஜப்பானின் உள்நாட்டுப் பாவனைக்கென்று செய்யப்பட்டு நம்மிடம் வந்த 90களின் வண்டிகளில் அதே உருவக் கப்ளர் இருக்கும், மொழி வேறாக இருக்கும். ஸ்கேனர் “தொடர்பு இல்லை” என்று காட்டினால் அதை வைத்து ஈசியூ செத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். இந்த அநியாயம் அடிக்கடி நடக்கிறது.

அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் தேவையும் இல்லை. டொயோட்டாவில் பொனட்டுக்குக் கீழுள்ள டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 என்ற இரண்டையும் ஒரு சிறு வயரால் இணைத்து, சாவியை ஒன் நிலைக்குக் கொண்டுவந்தால் செக் எஞ்சின் லைட் மினுங்கிக் கோட் சொல்லும். இடைவெளி மாறாமல் ஒரே சீராக மினுங்கினால் கோளாறு பதிவாகவில்லை. அதே பெட்டியில் எஃப்பி, பிளஸ் பி இரண்டையும் இணைத்தால் பம்ப் நேரடியாக ஓடும்; பம்ப் நல்லதா, ரிலே கெட்டதா என்பது அந்த ஒரு வயரில் தெரிந்துவிடும். பிளஸ் பியையும் ஈ1 ஐயும் மட்டும் இணைத்துவிடாதீர்கள், அது நேர் ஷோர்ட். பழைய மிட்சுபிஷியில் 12 பின் கப்ளரின் 1 ஆம், 12 ஆம் பின்களில் ஊசி மீற்றர் வைத்தால் ஊசி ஆடும். நீண்ட ஆட்டம் பத்து, குறுகிய ஆட்டம் ஒன்று. சுசுக்கி விட்டாரா கோளாறில்லாதபோது 12 என்ற இலக்கத்தையே திரும்பத் திரும்ப மினுங்கும். அந்த 12 ஐக் கோளாறு என்று வாசித்துச் சென்சர் மாற்றக் கூடாது.

ஒரு கம்பனியின் கோட் பட்டியலை இன்னொன்றுக்குப் பாவிப்பதால் வரும் நட்டம் பெரிது. 21 என்பது டொயோட்டாவில் ஒக்சிஜன் சென்சர், மிட்சுபிஷியில் தண்ணீர் வெப்பச் சென்சர், சுசுக்கியில் த்ரொட்டில் பொசிஷன் சென்சர். 41 டொயோட்டாவில் த்ரொட்டில், மிட்சுபிஷியில் இன்ஜெக்டர். மேலும், கோட் காட்டுவது ஒரு சுற்றையே. சென்சர், அதன் கப்ளர், இரண்டு மூன்று வயர், ஈசியூ பின் எல்லாம் அதற்குள் அடங்கும். சென்சரை மாற்றியும் அதே கோட் வந்தால் கடைக்காரரைக் குறை சொல்லாமல் வயரைத் தொடர்ந்து போங்கள்.

தண்ணீர் வெப்பச் சென்சரைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும்; கறுப்புப் புகைக்கும் எரிபொருள் விரயத்துக்கும் இதைவிட மலிவான காரணம் வேறில்லை. பெரும்பாலான ஜப்பான் வண்டிகளில் இச்சென்சர் 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓம் காட்டும். சூடு கூடக் கூட எதிர்ப்பு குறையும். கப்ளரில் களிம்பு பிடித்து அங்கே மட்டும் ஆயிரம் ஓம் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். எஞ்சின் 80 பாகையில் இருக்க, ஈசியூ காண்பது 1,300 ஓம், அதாவது 40 பாகைக்குச் சற்றுக் குறைவு. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறதென்று நம்பி அது பெற்றோலைக் கூட்டி ஊற்றும். சென்சரை வெளியே எடுத்து அளந்தால் அது நல்லதாகவே காட்டும். செக் லைட்டும் எரியாது, ஏனென்றால் 1,300 ஓம் என்பது நம்பக்கூடிய அளவுதான். இதனால் சென்சரில் ஒருமுறை, ஈசியூ கப்ளரில் ஒருமுறை என்று இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வயரின் நோய்.

புகைக்குழாயில் உள்ள ஒக்சிஜன் சென்சரும் அப்படித்தான். சூடான எஞ்சினை 2,500 சுற்றில் பிடித்துக்கொண்டு மீற்றரில் பார்த்தால் 0.1 இலிருந்து 0.9 வோல்ட் வரை ஏறி இறங்க வேண்டும்; 10 விநாடியில் எட்டுத் தடவையாவது. 0.8 இலேயே நின்றுவிட்டால் சென்சர் கெட்டது என்பதற்கு முன், எஞ்சினுக்கு உண்மையிலேயே பெற்றோல் கூடுகிறதா என்று கேளுங்கள். சென்சர் உண்மை சொல்லிக்கொண்டிருக்கலாம். காற்று அளக்கும் மீற்றரைக் கழுவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சூட்டுக் கம்பி வகையை அதற்கென விற்கும் ஸ்பிரேயால் கழுவலாம். பழைய பஜெரோ வி6 இல் இருப்பது சுழல்காற்றைக் கணக்கிடும் வகை. அதற்குள் எந்த ஸ்பிரேயும் போகக் கூடாது.

இப்போது எரிபொருள். கையால் ஹோஸைப் பிடித்துப் பார்த்து “பிரஷர் இருக்கிறது” என்று சொல்வது அளவல்ல. கேஜைப் பூட்டுவதற்கு முன் பம்ப் பியூஸைக் கழற்றி, ஓடும் எஞ்சின் தானாக நிற்கும்வரை விட்டால் லைனில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். அதைச் செய்யாமல் யூனியனைத் தளர்த்தினால் சூடான மனிபோல்டின் மேல் பெற்றோல் பீறிடும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. லைட்டுக்குக் கூண்டு பல்ப் வேண்டாம், டோர்ச் போதும்.

உதாரணத்துக்கு, 6ஜி72 எஞ்சின் பூட்டிய பஜெரோ வி6 ஐட்லிங்கில் 38 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவு காட்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேற்றரின் வேக்கூம் ஹோஸைக் கழற்றினால் 47 முதல் 50 வரை ஏறும். ஏறாவிட்டால், அல்லது கழற்றிய ஹோஸுக்குள் பெற்றோல் மணம் வந்தால் ரெகுலேற்றர் டயபிரம் கிழிந்திருக்கிறது. அந்த ஹோஸ் வழியாகவே எஞ்சின் பெற்றோலை உறிஞ்சுகிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை மெதுவாக நெரியுங்கள். அழுத்தம் ஏறினால் பம்ப் நல்லது, ரெகுலேற்றர் பலவீனம். ஏறாவிட்டால் பம்ப், பில்டர், அல்லது முன்பு சொன்ன பம்ப் வயர். பம்ப் ஊற்றும் அளவையும் பார்க்க வேண்டும்: ரிட்டர்ன் ஹோஸை ஒரு கலனுக்குள் விட்டால் 30 விநாடியில் அரை லீற்றராவது வர வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தும் அளவு வராவிட்டால், ஐட்லிங் நன்றாக இருக்கும், கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடத்தின் பின் கேஜில் 20 பிஎஸ்ஐக்கு மேல் நிற்க வேண்டும். உடனே விழுந்தால் மூன்று வழி: பம்பின் திரும்பாத வால்வு, ரெகுலேற்றர், ஒழுகும் இன்ஜெக்டர். பம்பிலிருந்து வரும் ஹோஸ், ரிட்டர்ன் ஹோஸ் இரண்டில் எதை நெரித்தால் வீழ்ச்சி நிற்கிறது என்பதை வைத்துப் பிரித்தறியலாம். இரண்டையும் நெரித்தும் விழுந்தால்தான் இன்ஜெக்டர். நெரிப்பதற்கு மட்டமான வாயுள்ள கிளாம்பைப் பாவியுங்கள், பல்லுள்ள குறடு வேண்டாம். மாற்றும் ஹோஸ் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கென்று குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். காபரேற்றர் ஹோஸ் இந்த அழுத்தத்தில் வெடிக்கும்.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மாதக்கணக்கில் நின்ற வண்டிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. பாதித் தாங்கி வெறுமையாக நின்றால் அதன் மேற்பாதி உள்ளே கறள் பிடிக்கும். அந்தத் தூள் பம்பின் வலையை அடைக்கும். புதிய பம்ப் போட்டும் சில மாதத்தில் இரைந்தால் தாங்கியை இறக்கிப் பாருங்கள்.

இன்ஜெக்டரை அளப்பது இரண்டு நிமிட வேலை. அதிக எதிர்ப்பு வகை 12 முதல் 16 ஓம் வரை காட்டும். மேலே சொன்ன பஜெரோவுக்கு 13 முதல் 16. குறைந்த எதிர்ப்பு வகை 2, 3 ஓம். அதற்கு வெளியே ஒரு தனி ரெசிஸ்டர் பெட்டி இருக்கும். அதிக எதிர்ப்பு வகையின் இடத்தில் குறைந்த எதிர்ப்பு வகையைப் பூட்டினால், ஈசியூவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சுற்று எரியும். உருவம் ஒன்றாக இருக்கிறது என்று வாங்காதீர்கள். மின்துடிப்பு வருகிறதா என்று பார்க்க இன்ஜெக்டர் கப்ளரில் செருகும் சிறு நொயிட் லைட் போதும். ஸ்பார்க்கும் இல்லை, துடிப்பும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான கிராங் சென்சர் (எஞ்சின் சுற்றுவதை அறிவது), டிஸ்டிரிபியூட்டருக்குள் உள்ள சென்சர், மெயின் ரிலே ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஸ்பார்க் இருந்து துடிப்பு மட்டும் இல்லாவிட்டால் இன்ஜெக்டரின் 12 வோல்ட் வயரைப் பாருங்கள். சூட்டில் மட்டும் செத்துப்போகும் கிராங் சென்சரைக் குளிரில் அளந்து “நல்லது” என்று பூட்டிவிடுவது பொதுவான தவறு; தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கிக்கொண்டே அளவுங்கள்.

டீசலில் கேள்விகள் இரண்டுதான்: காற்று நுழைகிறதா, மின்சாரம் வருகிறதா. பம்புக்குப் போகும் லைனில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற ஹோஸ் பூட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் பில்டர் தலையின் ரப்பர், கைப்பம்பின் டயபிரம், தாங்கிக்கு மேலுள்ள பழைய ஹோஸ் என்று பின்னோக்கிப் போக வேண்டும். காற்று உள்ளே போகும் இடத்தில் டீசல் வெளியே கசியாது. ஈரம் இல்லாததால் கண்ணுக்குத் தப்பும். பம்பின் மேலுள்ள, டீசலைத் திறந்து மூடும் கட்-ஓஃப் சொலினொயிட்டுக்குச் சாவி போட்டதும் 12 வோல்ட் வர வேண்டும், ‘டிக்’ என்ற சத்தமும் கேட்க வேண்டும். ஸ்டார்டர் சுற்றும்போதும் அந்த வயரில் வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்; பழைய சாவிச் சுவிட்சுகளில் அந்த நேரத்தில் மட்டும் விட்டுப்போகும். குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக் கொழும்பு வெயிலில் முதல் சந்தேகமாக இருக்க வேண்டியதில்லை. நுவரெலியாவில் விடிகாலையில் மட்டும் மறுக்கும் வண்டிக்கு அதைப் பாருங்கள்.

டிஃபெண்டரிலும் டிஸ்கவரியிலும் வந்த டிடி5 டீசல் எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. ரொக்கர் கவருக்குள் எண்ணெயில் கிடக்கும் இன்ஜெக்டர் வயர்க்கட்டின் இழைகளுக்கு ஊடாக எஞ்சின் ஒயில் திரியில் ஏறுவதுபோல் ஏறி, மெயின் வயரிங் வழியாகப் போய், ஈசியூவின் சிவப்புக் கப்ளரில் வெளிப்படும். டிஃபெண்டரில் ஈசியூ இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அந்தக் கப்ளரைக் கழற்றி உள்ளே விரல் வையுங்கள். ஒயில் இருந்தால் எஞ்சின் தடுமாறுவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. கொன்டாக்ட் கிளீனரால் கழுவி, ரொக்கர் கவருக்குள் உள்ள வயர்க்கட்டைப் புதிதாகப் போட வேண்டும். மெயின் வயரிங்கில் ஏற்கெனவே தேங்கிய ஒயில் பல வாரங்கள் வந்துகொண்டிருக்கும். திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் உரிமையாளர் வேலை சரியில்லை என்றே நினைப்பார்.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து ஊட்டும் புதிய கொமன் ரெயில் டீசலுக்குப் பழைய பழக்கம் ஆகாது. ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் யூனியனைத் தளர்த்திச் சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் முறை பழைய பம்புகளுக்கு உரியது. ஆயிரம் பார் (அழுத்த அலகு) அளவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். ஊசிமுனை அளவு காயமாகத் தெரிந்தாலும் அதே மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வயரிங்கை இன்னும் கெடுப்பவை நம்முடைய சில கைப்பழக்கங்கள். வயரை ஊசியால் குத்தி அளந்துவிட்டு அப்படியே விட்டால் அந்தத் துளையால் உப்புக்காற்று புகுந்து, ஓராண்டில் உறைக்குள்ளேயே செம்பு பச்சைத் தூளாகிவிடும். கப்ளரின் பின்புறத்தால் அளவுங்கள். குத்தியே ஆக வேண்டுமானால் நகப்பூச்சால் அடையுங்கள். கப்ளருக்குள் வினாகிரி மணம் வரும் சிலிக்கனைத் திணிக்காதீர்கள், அந்த அமிலம் செம்பைத் தின்னும். சேர்விஸ் ஸ்டேஷனில் எஞ்சின் அறைக்குள் உயர் அழுத்தத் தண்ணீர் அடிக்கவிடாதீர்கள். அடிப்பாகத்துக்கு அடிக்கும் டீசல், கப்ளர்களின் ரப்பரை ஊதவைத்து அவற்றின் நீர்காப்பைக் கெடுக்கும். எலியும் பெருச்சாளியும் கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது திருத்தமாகாது. கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட்-ஷ்ரிங்க் போட்டு, பக்கத்து வயர்களின் மூட்டுகள் ஒரே இடத்தில் சேராமல் நான்கு சென்ரிமீற்றர் தள்ளித் தள்ளி வர வேண்டும். கிராங் சென்சருக்கு வரும் வலைக்கவச வயரில் அந்த வலையையும் தொடர வேண்டும், அதை ஒரு முனையில் மட்டுமே ஏர்த் செய்ய வேண்டும்.

வண்டி வாங்கிய பிறகு பூட்டிய அலாரம், ரிமோட் லொக், ஸ்பொட்லைட் எல்லாவற்றையும் கோளாறு தேடும்போது முதலில் பிரித்து வையுங்கள். இரண்டு 100 வோட் ஸ்பொட்லைட் ஏறத்தாழ 17 அம்பியர் இழுக்கும். அதற்குப் பெற்றரியிலிருந்தே தனி வயர், ரிலே, பெற்றரிக்கு அருகில் 20 அம்பியர் பியூஸ் வேண்டும். அதை டாஷ்போர்டு வயரில் தட்டியெடுத்ததால் உருகிய வயர்க்கட்டு ஈசியூவின் வயரையும் சேர்த்து உருக்கும். சேஸிக்கு வெல்டிங் அடிக்கும்போது பெற்றரியின் இரு கேபிளையும் கழற்றுங்கள். லொறியின் 24 வோல்ட்டில் ஜம்ப் கொடுக்கவே கூடாது.

2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கிய வண்டிகள் கைமாறி இன்னும் ஓடுகின்றன. பழைய ஜீப் வாங்குகிறவர்கள் கார்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள கப்ளர்களைத் திறந்து பாருங்கள். சேற்றுக் கோடு இருக்கை போல்ட்டில் துடைபட்டிருக்கும், கப்ளருக்குள் துடைபட்டிருக்காது.

இத்தனைக்கும் பிறகு ஈசியூ உண்மையிலேயே கெட்டிருக்கலாம். 90களின் மிட்சுபிஷி, சுசுக்கி ஈசியூக்களில் கெபாசிற்றர் கசிந்து பலகையைத் தின்பது நன்கு அறிந்த குறை. மூடியைத் திறந்தால் மீன் மணம்போல் ஒரு மணமும், கெபாசிற்றரின் காலடியில் ஈரக் கறையும் இருக்கும். செப்புப் பாதை அறுபடவில்லையானால் அதே மைக்ரோஃபராட், அதே அல்லது கூடிய வோல்ட், 105 பாகை என்று குறித்த கெபாசிற்றர்களைப் போட்டு, கசிந்ததை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவினால் பெரும்பாலும் உயிர் பிழைக்கும். வேறு ஈசியூ வாங்குவதென்றால் இலக்கம் முழுதும் பொருந்த வேண்டும், ஓட்டோ, மனுவல் வேறுபாடு உட்பட. மிட்சுபிஷியானால் அதைச் செருகுவதற்கு முன் ஐட்லிங் மோட்டாரின் சுருள்களை அளவுங்கள். 28 முதல் 33 ஓம் வர வேண்டும். ஷோர்ட்டான மோட்டார்தான் முதல் ஈசியூவை எரித்திருக்கும். அளக்காமல் செருகினால் இரண்டாவதும் அதே நாளில் எரியும்.

கராஜ் நடத்தும் சகோதரர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். எந்த மின்பாகத்தையும் மாற்றச் சொல்வதற்கு முன் பெற்றரி நிற்கும்போதும் சுற்றும்போதும் காட்டிய வோல்ட், சார்ஜிங் வோல்ட், எஞ்சின் ஏர்த்திலும் ஈசியூ ஏர்த்திலும் விழுந்த வோல்ட், எரிபொருள் அழுத்தம், சந்தேகிக்கும் பாகத்தின் ஓம் ஆகியவற்றைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். அளப்பதற்கு ஒரு மணித்தியாலக் கூலியைத் தனியாகக் கேளுங்கள். அது உங்கள் உழைப்பு. உரிமையாளர்கள் அந்தக் கூலியை முணுமுணுக்காமல் கொடுத்து, அந்தத் தாளை வருமான அனுமதிப்பத்திரத்தோடு வண்டியிலேயே வைத்திருங்கள். வண்டி நன்றாக ஓடும் காலத்திலும் ஒருமுறை இவற்றை அளந்து எழுதி வைத்தால், அடுத்த தடவை நின்றுபோகும்போது எந்த இலக்கம் மாறியிருக்கிறது என்று எந்த மெக்கானிக்கும் பார்த்துக்கொள்வார்.

இவ்வண்ணம்,
வாகன மின்சார, இன்ஜெக்‌ஷன் திருத்துநர்கள் சிலர்,
கொழும்பு 10.